அப்பா பேப்பர் போட்ட வீட்டுலயே அப்பா அம்மாவுக்கு டின்னர், பினாங்கு ஆளுங்க கொஞ்சம் சொல்லுங்க

பட்டர்வொர்த்_பொண்ணு:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னிக்குத்தான் மொத தடவையா கேக்கிறேன்.

அடுத்த மாசம் எங்க அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆகி 40 வருஷம். நானும் தம்பியும் காசு சேத்து வச்சிருக்கோம். வீட்டுல சமைச்சு சொந்தக்காரங்களக் கூப்பிடறது எல்லாம் 25-வது வருஷத்துக்கே செஞ்சாச்சு, அன்னிக்கும் அம்மாதான் காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு மசாலா அரைச்சாங்க, அதனால இந்தத் தடவ ரெண்டு பேரையும் சும்மா உக்கார வச்சு வேற யாராச்சும் பரிமாறணும், அம்மா நாற்காலிய விட்டு எந்திரிக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோம்.

எடம் ஜார்ஜ் டவுன்ல லெபோ லீத் தெருவுல உள்ள நீல வீடு, சியோங் ஃபாட் ட்ஸே மாளிகை. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அப்பா சின்னப் பையனா இருந்தப்ப, 1970, 71 வாக்குல, டவுன்ல பேப்பர் போட்டுட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவாராம். அப்ப அந்த வீட்டுல நெறைய குடும்பம் வாடகைக்கு இருந்திருக்காங்க, செவுரெல்லாம் சாயம் போயி, உள்ள துணி காயப் போட்டிருக்கும், கோழி ஓடும்னு சொல்வாரு. பெரிய கேட்டுக்குள்ள சைக்கிள உருட்டிட்டுப் போயி படிக்கட்டுகிட்ட பேப்பர வச்சுட்டு வந்துருவாராம், அதுக்கு மேல உள்ள போனது கெடையாது. இப்ப மேல் மாடியில இண்டிகோன்னு ரெஸ்டாரண்ட் இருக்கு. தம்பிதான் சொன்னான், அக்கா அப்பாவ அந்தப் படிக்கட்டுல ஏத்தி மேல கூட்டிட்டுப் போயிடணும்னு. சொன்னதுல இருந்து எனக்கு வேற எடமே மனசுல நிக்கல.

ஆனா பயமும் இருக்கு. நாங்க யாரும் இந்த மாதிரி எடத்துல சாப்பிட்டதே இல்ல. அம்மா சுத்த சைவம், முட்டையும் இல்ல, இனிப்பு நீர் (சர்க்கர வியாதி) வேற இருக்கு, நேரத்துக்கு மாத்திர போட்டுச் சாப்பிடணும். முட்டி வலியும் உண்டு. அப்பா எல்லாம் சாப்பிடுவாரு, மாடு மட்டும் தொடமாட்டாரு. ஒரு ஆளுக்கு எவ்வளவு வச்சுக்கணும், என்ன டிரெஸ் போடணும், முன்கூட்டியே என்னென்ன சொல்லணும், இதெல்லாம் அனுபவம் உள்ளவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும். எல்லாத்துக்கும் மேல, அப்பா அங்க உக்காந்து கூச்சப்பட்டுட்டு சரியா சாப்பிடாம வந்துருவாரோன்னுதான் எனக்குக் கவல.

கேஎல்_வாசி:

வாழ்த்துக்கள் சிஸ்டர். நான் கேஎல் (கோலாலம்பூர்) ஆளு, பினாங்கு எடங்களப் பத்தி மத்தவங்க சொல்லட்டும், கூச்சத்தப் பத்தி மட்டும் நான் சொல்றேன். எங்கப்பாவ ரிட்டையர் ஆன அன்னிக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான்ல உள்ள கொலிசியம் கஃபேக்குக் கூட்டிட்டுப் போனேன், 1921-ல தொறந்த கட. காலம் பூரா அந்த வாசல் வழியா பஸ்ஸுல போனவரு, ஒரு நாளும் உள்ள காலெடுத்து வச்சதில்ல, தோட்டத்து தொரைங்க வந்து சாப்பிடற எடம்னே மனசுல பதிஞ்சு போச்சு. உள்ள போனதும் மெனுவ ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு வெலைய மட்டும் படிச்சாரு. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. மொதல்லயே மெனுவ முடிவு பண்ணிச் சொல்லிடுங்க, மேசையில வெல போட்ட மெனு வரக்கூடாதுன்னு போன்லயே கேட்டுக்கோங்க, பல எடத்துல விருந்தாளிக்கு வெல இல்லாத மெனு குடுப்பாங்க, இல்லாட்டி மெனுவே இல்லாம நேரா கொண்டாந்து வைப்பாங்க. பில்ல நீங்களோ தம்பியோ நடுவுல எந்திரிச்சுப் போயி கட்டிடுங்க.

இன்னொன்னு, பாசார் செனி பக்கம் ஜாலான் பாலாய் போலீஸ்ல ஓல்ட் சைனா கஃபேன்னு ஒன்னு இருக்கு, முன்னாடி சலவைத் தொழிலாளிங்க சங்கத்து கட்டடம், ரெண்டு பெரிய கண்ணாடி எதிரும் புதிரும் மாட்டி இருக்கும். அங்க போறப்ப எல்லாம் எனக்குத் தோணும், துணி வெளுத்தவங்க கூடிப் பேசின எடத்துல உக்காந்து சாப்பிடறோமேன்னு. பழைய வீட்டுல சாப்பாட்டோட சேந்து அந்த மாதிரி ஒரு நெனப்பும் வரும். உங்கப்பாவுக்கு அங்க சொந்தக் கதையே இருக்கே, அவரு கூச்சப்படமாட்டாரு, பாருங்க.

சமையக்கட்டு_மணி:

தங்கச்சி, நான் ஒம்பது வருஷம் இந்த மாதிரி கிச்சன்ல வேல செஞ்சவன், கேஎல்லயும் பினாங்குலயும். இப்ப சொந்தமா கேட்டரிங். நீங்க சொல்ற ரெஸ்டாரண்ட்ல நான் வேல செஞ்சதில்ல, பொதுவா இந்த வகைக் கிச்சன் எப்படி ஓடும்னு சொல்றேன், எங்க போனாலும் உதவும்.

மொதல்ல அம்மாவோட சாப்பாடு. போன்ல 'வெஜிடேரியன்'னு ஒரு வார்த்த சொல்லிட்டு வச்சுடாதீங்க. நம்ம ஊருல ஆளுக்கு ஆள் அதுக்கு அர்த்தம் மாறும். சீன சைவம்னு நெனச்சா வெங்காயம் பூண்டு இல்லாம செய்வாங்க, வெள்ளக்காரன் சைவம்னு நெனச்சா முட்டையும் சீஸும் தாராளமா போடுவாங்க. அதனால முட்ட வேணாம், பால் தயிர் பரவால்ல, வெங்காயம் பூண்டு பரவால்லன்னு ஒவ்வொன்னா சொல்லுங்க. அதுக்கப்புறம் ஜெலட்டின். பன்னா கோட்டா, மூஸ் மாதிரி டெசர்ட்டுல அது இருக்கும், மாட்டுலயோ பன்னியிலயோ எடுக்கறது, பேர்ல தெரியாது. சூப்புல காய்கறி மட்டும் மெதக்கும், அடியில கோழி எலும்பு தண்ணியா இருக்கும். பார்மசான் சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னட் போடுவாங்க, அம்மா அதையும் பாப்பாங்கன்னா அதையும் சொல்லிடுங்க.

அப்பாவுக்கு மாடு வேணாம்னு சொன்னீங்க. இத நல்லா கவனிங்க, ஏன்னா இதுலதான் நெறைய நம்ம ஆளுங்க தெரியாமலே சாப்பிட்டுட்டு வராங்க. ஆட்டுக்கறி, வாத்துக்கறி ஆர்டர் பண்ணாலும் மேல ஊத்தற அந்தக் கரும்பழுப்பு சாஸ் இருக்கே, டெமி கிளாஸ், அது பழைய முறப்படி கன்னுக்குட்டி எலும்ப வறுத்து, மணிக்கணக்கா கொதிக்க வச்சு, வத்த வச்சு எடுக்கறது. 'நோ பீஃப்'னு சொன்னா மாட்டுக்கறி துண்டு வராது, சாஸ் வந்துரும். கிச்சன்ல யாரும் ஏமாத்தறதில்ல, அவங்க மனசுல சாஸ் வேற கறி வேற, அவ்வளவுதான். 'பீஃப் ஸ்டாக், வீல் ஸ்டாக் (மாட்டெலும்புத் தண்ணி, கன்னுக்குட்டி எலும்புத் தண்ணி) எதுலயும் வேணாம்'னு சொல்லுங்க, புக்கிங் போடறவங்க செஃப்கிட்ட எழுத்துல குடுக்கட்டும். ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடி சொன்னா நல்ல செஃப் சந்தோஷமா வேற சாஸ் செஞ்சு குடுப்பாரு, அன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேசையில உக்காந்துட்டுச் சொன்னா அவரால சாஸ் இல்லாம வெறுங்கறிதான் அனுப்ப முடியும்.

இனிப்பு நீர் விஷயம். நாலஞ்சு கோர்ஸ்னா ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஓடும். மெயின் கோர்ஸ் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகலாம். பழைய வீட்டுல கிச்சன் பின்னாடி எங்கயோ இருக்கும், தட்ட ஆளுங்கதான் தூக்கிட்டு ஏறணும். நான் வேல செஞ்ச ஒரு வீட்டுல முத்தத்தத் தாண்டி, மழ பெஞ்சா கொட பிடிச்சுக்கிட்டு தட்டு போகும். அதனால அம்மா மாத்திரயவோ ஊசியவோ எப்பப் போடணும், வீட்டுலயா மொத தட்டு கண்ணுக்குத் தெரிஞ்சதுமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. உக்காந்ததுமே ரொட்டி கொண்டாரச் சொல்லுங்க.

செலவு நான் சொல்லக்கூடாது, மெனு மாறிட்டே இருக்கும். ஒன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, வெலைக்குப் பின்னாடி பிளஸ் பிளஸ்னு போட்டிருந்தா 10 விழுக்காடு சர்விஸ் சார்ஜ், 6 விழுக்காடு வரி, 100 வெள்ளி (ரிங்கிட்) சாப்பாடு 116 வெள்ளி வாக்குல வந்து நிக்கும். தண்ணி கேப்பாங்க, 'ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்'னு, ரெண்டுமே பாட்டில், ரெண்டுக்குமே காசு. சாதா தண்ணி வேணும்னா தைரியமா 'பிளைன் வாட்டர்' கேளுங்க, யாரும் ஒன்னும் நெனைக்கமாட்டாங்க.

கத்தி முள்கரண்டிக்குப் பயப்படாதீங்க, வெளியில இருக்கறத மொதல்ல எடுத்து உள்ள வந்துட்டே இருங்க. அப்பா பாதியில ஸ்பூன வச்சுட்டு கையால சாப்பிட்டாலும் சாப்பிடட்டும். நான் கிச்சன் வாசல்ல நின்னு பாத்திருக்கேன், தட்டு காலியா திரும்பி வந்தா உள்ள இருக்கறவனுக்கு அதுதான் சந்தோஷம், எதால சாப்பிட்டாங்கன்னு எவனும் பாக்கறதில்ல.

பட்டர்வொர்த்_பொண்ணு:

மணி அண்ணே, கையெடுத்துக் கும்பிடறேன். சாஸ் விஷயம் எனக்கு சத்தியமா தெரியாது. நாங்க ஒரு கல்யாண ஹோட்டல் டின்னர்ல அப்பாவுக்கு லேம்ப் குடுத்தோமே, அதுல என்ன ஊத்தியிருந்தாங்களோன்னு இப்ப நெனச்சா மனசு ஒரு மாதிரி இருக்கு. எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டேன். படிக்கட்டப் பத்தி யாராச்சும் சொல்லுங்களேன், அம்மா ஏறுவாங்களா?

சுண்ணாம்பு_வேல:

பழைய கட்டட ரிப்பேர்தான் நம்ம தொழில், ஜார்ஜ் டவுன்ல பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. லெபோ லீத் வீட்டுல நான் வேல செய்யல, ஆனா என்னைய மாதிரி இந்தத் தொழில்ல உள்ளவங்களுக்கு அந்த வீடுதான் பாடப் புஸ்தகம், எத்தன தடவ போயிருக்கேன்னு கணக்கில்ல.

படிக்கட்டு மரப் படிக்கட்டு. இந்த மாதிரி வீட்டுல லிஃப்ட எதிர்பாக்காதீங்க, செவுத்த இடிக்காம வைக்க முடியாது. புக் பண்ணும்போதே முட்டி வலின்னு சொல்லுங்க, எந்தப் படிக்கட்டு ஏற சௌகரியம்னு அவங்களே காட்டுவாங்க, அந்த வீட்டுல ஏழு படிக்கட்டு இருக்கு. 38 ரூம், 5 முத்தம், 220 ஜன்னல். அம்மா நின்னு நின்னு ஏறட்டும், நிக்கற எடத்துல எல்லாம் பாக்க ஏதாச்சும் இருக்கும்.

நேரத்தப் பத்தி நான் கண்டிப்பா சொல்லணும். எட்டு மணிக்கு புக் பண்ணாதீங்க. பினாங்குல இருட்ட ஏழேகால் ஏழரை ஆகும், நீங்க அந்த வெளிச்சம் இருக்கும்போதே உள்ள நிக்கணும். நடு முத்தத்துல மேல இருந்து வெளிச்சம் எறங்கி அந்தத் தங்க முலாம் பூசின மரச் செதுக்கல்ல பட்டு, அப்படியே கொறைஞ்சு, வெளக்கு ஏறும் பாருங்க, அந்த அர மணி நேரத்தப் பாக்கணும். மழ பெஞ்சா இன்னும் நல்லது, முத்தத்துல தண்ணி விழற சத்தத்தக் கேட்டுட்டே நில்லுங்க. முத்தத்துக்கு மேல தொறந்து கெடக்கற அந்த எடம் சும்மா அழகுக்குன்னு நெனைக்கறாங்க, அதுதான் வீட்டோட மூச்சு, சூடு அது வழியா மேல போகும், கீழ குளிர்ச்சி நிக்கும். நம்ம செட்டிநாட்டு வீட்டு முத்தம் மாதிரியேதான், அம்மா பாத்ததும் சொல்வாங்க.

நீலத்தப் பத்தியும் சொல்லிடறேன். அது பெயிண்ட் கெடையாது. சுண்ணாம்புல அவுரிச் சாயத்தக் கலந்து அடிச்சது. நம்ம அவுரிதாங்க, திண்டிவனம் பக்கம் இன்னும் பயிர் பண்றாங்களே அதே செடி. அந்தக் காலத்துல இந்தியாவுல இருந்துதான் கப்பல்ல வந்துச்சு. சுண்ணாம்பு அடிச்சா செவுரு ஈரத்த உள்ள வாங்கி வெளிய விடும். பினாங்கு மாதிரி கடலோர ஊருல தரையில இருந்து ஈரம் மேல ஏறிட்டே இருக்கும், அதுக்கு மேல போயி சிமெண்ட் பூசி எமல்ஷன் அடிச்சா ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு, உப்பு பூத்து, செங்கல் மாவாக் கொட்ட ஆரம்பிச்சுடும். நான் பாத்த வீடுங்கள்ல பாதி வீடு அப்படித்தான் பாழாச்சு, அக்கறையா ரிப்பேர் பண்றோம்னு நெனச்சே வீட்டக் கொன்னிருக்காங்க. அங்க சாப்பிடறப்ப ஏசி கடும் குளிரா இல்லன்னா கொற சொல்லாதீங்க, கூட வச்சா செவுத்துலயும் மரத்துலயும் தண்ணி வேர்க்கும்.

கூர மேல பாருங்க, பூவும் பறவையுமா இருக்கும், எல்லாம் உடைச்ச பீங்கான். அதுக்குன்னே கலர் கலரா கிண்ணம் செஞ்சு, இடுக்கியால வெட்டி வெட்டி ஒட்டின வேல. தர ஓடு இங்கிலாந்து ஸ்டோக் ஆன் ட்ரெண்ட்ல இருந்து, இரும்புத் தூணு கிளாஸ்கோவுல இருந்து. வீட்டக் கட்டின மனுசன் சியோங் ஃபாட் ட்ஸே 1840-ல சீனாவுல ஏழ ஹக்கா குடும்பத்துல பொறந்து, பத்தாவியாவுல (இப்ப ஜகார்த்தா) வேலக்குப் போயி, வியாபாரம் பண்ணிப் பெரிய ஆளாகி, பினாங்குல சீன அரசோட துணைத் தூதராவே இருந்தவரு. 1892-ல சீனாவுல ஒரு ஒயின் கம்பெனி ஆரம்பிச்சாரு, அது இன்னிக்கும் ஓடுது. 1916-ல செத்துட்டாரு. கடைசி மகன் உயிரோட இருக்கற வரைக்கும் வீட்ட விக்கக்கூடாதுன்னு உயில் எழுதி வச்சுட்டாரு, அந்த மகன் செத்தது 1989-ல. உங்கப்பா பேப்பர் போட்டது அந்த நடுவுல உள்ள காலம். அப்புறம் கட்டடங்கள நேசிச்ச சில பேரு சேந்து வாங்கி, வருஷக்கணக்கா வேல செஞ்சு, 2000-ல யுனெஸ்கோ விருது கெடைச்சுது.

பகல்ல கைடு வச்சு வீட்டச் சுத்திக் காட்டற டூர் தனியா உண்டு. முடிஞ்சா அப்பாவ அதே நாள் பகல்ல அதுக்கும் கூட்டிட்டுப் போங்க, சாப்பிடறப்ப வீடு பூரா சுத்த விடமாட்டாங்க.

லெபோ_பினாங்_பெருசு:

தம்பி சுண்ணாம்பு வேல நல்லா எழுதியிருக்காரு. இருந்தாலும் எனக்கு இதுல ஒரு மனக்கொற உண்டு, சொல்லிடறேன், பொண்ணு தப்பா நெனைக்க வேணாம்.

நாங்க லெபோ குவீன்ல கடை வீட்டு மாடியில இருந்தவங்க, மாரியம்மன் கோயிலுக்கு நாலு கட தள்ளி. தாத்தா காலத்துல இருந்து ஒரே வீடு, கீழ மளிகைக் கட, மேல நாலு குடும்பம், ஒரே குழாயடி. வாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்ததால சொற்ப வாடகதான். அந்தச் சட்டத்த 1997-ல எடுத்தாங்க, 2000 பொறந்ததும் வீட்டுக்காரன் இஷ்டத்துக்கு வாடக ஏத்தலாம்னு ஆச்சு. எங்க தெருவுல விளக்கு ஒன்னு ஒன்னா அணைஞ்சுது. ஜெலுத்தோங், பாயான் லெப்பாஸ், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம்னு ஆளுக்கொரு தெசையாப் போனோம். 2008 ஜூலையில ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் வந்துச்சு. இப்ப அந்த மாடியில ஹோட்டல், நாங்க படுத்து எந்திரிச்ச ரூம்ல வாடகக்கு ஒரு ராத்திரி தங்கணும்னா அந்தக் காலத்துல நாங்க ஒரு வருஷம் குடுத்த வாடகைய விட அதிகம். கடை வீட்டு முன்னாடி உள்ள அஞ்சடி நடைபாதையில நாங்க கோலி வெளையாண்ட எடத்துல நாற்காலி போட்டு காபி விக்கறாங்க.

கட்டடத்தக் காப்பாத்தினவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா எந்த வீட்டுக் கதைய எடுத்தாலும் கட்டின சீமானப் பத்தி மட்டும்தான் பேசறாங்க, நடுவுல அம்பது வருஷம் அங்க இருந்து புள்ள பெத்து வளத்த குடித்தனக்காரங்களப் பத்தி ஒரு வரிதான், 'பராமரிப்பு இல்லாம கெடந்தது'ன்னு. அந்தக் கெடந்த காலத்துலதான் உங்கப்பாவும் நானும் அந்தத் தெருவுல இருந்தோம். அதனால பொண்ணே, நீ கூட்டிட்டுப் போ, கண்டிப்பா கூட்டிட்டுப் போ. போயி அங்க வேல செய்யற பிள்ளைங்ககிட்ட அப்பா யாருன்னு சொல்லு, எந்த ரூம்ல யாரு இருந்தாங்க, எங்க கோழி ஓடுச்சுன்னு அப்பா வாயாலயே சொல்லச் சொல்லு. அவங்களுக்கும் தெரியட்டும்.

சுண்ணாம்பு_வேல:

ஐயா, நீங்க சொன்னது எனக்கு மனசுல தைக்குது. மறுப்பு சொல்லல, ஒன்னு மட்டும் சேக்கறேன். ஆயர் ஈத்தாம் ஆத்தோரம் சஃபோக் ஹவுஸ் தெரியுமில்லையா, பிரான்சிஸ் லைட்டோட மொளகு தோட்டம் இருந்த எடம், மெட்ராஸ், கல்கத்தாவுல தொரைங்க கட்டின தோட்ட பங்களா மாதிரியே கட்டினது. மெதடிஸ்ட் ஸ்கூல் கையில ரொம்ப காலம் இருந்துச்சு, 1970-ங்கள்ல ஆபத்துன்னு மூடினாங்க, அதுக்கப்புறம் கூர போயி, மேல் தளம் விழுந்து, உள்ள மரம் மொளைச்சு எலும்புக்கூடா நின்னுச்சு. ஆளு இல்லாத வீடு எவ்வளவு சீக்கிரம் சாகும்னு அதப் பாத்துதான் நான் தெரிஞ்சுக்கிட்டேன். திரும்ப எழுப்ப எத்தன வருஷம், எவ்வளவு பணம். ஓடு மாத்தணும், செங்கால் மரம் வாங்கணும், அந்த மரம் வெல இப்ப கேக்கவே முடியாது, கரையானுக்கு வருஷா வருஷம் மருந்து அடிக்கணும். இதெல்லாம் டிக்கெட்டு காசுல மட்டும் வராது, யாராச்சும் மேசையில உக்காந்து சாப்பிட்டுப் பில்லு கட்டினாத்தான் வரும். குடித்தனக்காரங்களும் இருந்து கட்டடமும் நிக்கற மாதிரி ஒரு வழி அப்பவே யோசிச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்ங்கறது என் ஆதங்கமும்தான்.

லெபோ_பினாங்_பெருசு:

அது சரிதான் தம்பி. விழுந்து கெடக்கறதுக்கு, யாராச்சும் சாப்பிட்டுட்டுப் போறது மேல். எங்க வீட்டு ஓடு ஒழுகினப்ப வீட்டுக்காரன் திரும்பிக்கூடப் பாக்கல, அந்த வாடகையில அவனாலயும் முடியல.

ரஸம்_சாதம்:

சைவம் பத்தி என் அனுபவமும் கேட்டுக்கோங்க அக்கா. எங்க மாமியார் சுத்த சைவம், பழைய கடை வீட்டுல நடத்தற ஒரு நியோன்யா (சீன, மலாய் கலப்புச் சமையல்) ரெஸ்டாரண்டுக்கு, பேரு வேணாம், கூட்டிட்டுப் போனோம். முன்கூட்டியே போன்ல சொல்லி, சரி சரின்னாங்க. சம்பல் போட்ட வெண்டக்கா வந்துச்சு, மாமியார் ஒரு வாய் வச்சுட்டு தட்ட தள்ளிட்டாங்க, பிளாச்சான் (எறால் விழுது) வாசன. கேட்டா 'மீட் இல்லையே, வெஜிடபிள்தானே'ங்கறாங்க. அந்தச் சமையல்ல பிளாச்சானும் காஞ்ச எறாலும் நமக்கு உப்பு மாதிரி, அத ஒரு அசைவமாவே நெனைக்கறதில்ல. அன்னிக்கு மாமியார் வெறும் சோறும் தயிர் மாதிரி ஏதோ ஒன்னும் சாப்பிட்டுட்டு வந்தாங்க, எனக்கு இன்னிக்கும் அந்த முகம் மறக்கல. அதனால மணி அண்ணன் சொன்னதோட 'நோ பிளாச்சான், நோ ஹே பீ (காஞ்ச எறால்), நோ ஃபிஷ் சாஸ், நோ ஆய்ஸ்டர் சாஸ்'னு சேத்துச் சொல்லுங்க.

ஆனா அப்பா மீன் சாப்பிடறவரா இருந்தா இன்னொரு நாள் நியோன்யா சாப்பாடும் வாங்கிக் குடுங்க. குலாய் தூமிஸ்னு ஒரு புளிப்பு மீன் கறி இருக்கே, நம்ம வீட்டு மீன் கொழம்புக்கு கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி, நாம எண்ணெயில வதக்கறத அவங்க தூமிஸ்ங்கறாங்க. பிஷப் ஸ்ட்ரீட்ல ஆன்ட்டி கைக் லீன் கட, பழைய கடை வீடுதான், 2022 டிசம்பர்ல மலேசியாவுக்கு மொத மொதலா மிஷெலின் (ரெஸ்டாரண்டுக்கு ஸ்டார் குடுக்கற கைடு) வந்தப்ப ஒரு ஸ்டார் வாங்கினது. வெள்ளத் துணி விரிச்ச மேசதான் ஃபைன் டைனிங்னு இல்லை, வீட்டுச் சமையலுக்கும் அந்த மரியாத கெடைச்சுதேன்னு எனக்கு அன்னிக்கு அவ்வளவு சந்தோஷம்.

டிரெஸ்ஸுக்கு யாரும் சொல்லலயே. அப்பாவுக்கு முழுக்கை பாத்தேக் சட்ட, பேண்ட், ஷூ. நம்ம நாட்டுல அதுக்கு மேல மரியாதயான உடுப்பு கெடையாது, எந்த வாசல்லயும் மறிக்கமாட்டாங்க. அம்மாவுக்குப் பட்டு. மரப் படிக்கட்டுல ஏறணும், அதனால சேல கொஞ்சம் ஏத்திக் கட்டி, சப்பையான செருப்பு.

பட்டர்வொர்த்_பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி, ஒருத்தரையும் விடாம. இன்னிக்கு மத்தியானம் ஆபீஸ் பிரேக்ல போன் பண்ணி புக் பண்ணிட்டேன், சனிக்கிழம ஆறரைக்கு. மணி அண்ணன் சொன்னதையும் ரஸம் சாதம் சொன்னதையும் பேப்பர்ல பாத்துப் பாத்துப் படிச்சேன், அந்தப் பக்கம் பேசின பொண்ணு பொறுமையா எல்லாத்தையும் எழுதிட்டு, ஈமெயில்லயும் அனுப்புங்கன்னு சொல்லுச்சு, அனுப்பிட்டேன். படிக்கட்டு பத்தியும் சொல்லியாச்சு. பகல் டூருக்கும் அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் எடுக்கப் போறோம்.

அப்பாகிட்ட சொல்லாம வச்சிருக்கலாம்னுதான் நெனச்சோம், ஆனா பெருசு ஐயா எழுதினதப் படிச்சதும் எனக்கு இருக்க முடியல. ராத்திரி சாப்பிடறப்ப அவரு எழுதின பகுதிய மட்டும் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். அப்பா கை கழுவாம அப்படியே உக்காந்துட்டாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா சொல்ல ஆரம்பிச்சாரு, கேட்டுகிட்ட ரூம்ல ஒரு தையக்காரரு, காசு குடுக்கற அன்னிக்கு எல்லாம் ஒரு பிஸ்கட்டும் குடுப்பாராம், பின் பக்கம் கண்ணு தெரியாத ஒரு ஆயா, அவங்களுக்குப் பேப்பர் எதுக்குன்னு அப்பா கேட்டதுக்கு பேரன் வந்து படிச்சுக் காட்டுவான்னாங்களாம். அம்மாவுக்கே இதெல்லாம் புதுசு, நாப்பது வருஷத்துல கேட்டதில்லங்கறாங்க. தம்பி போன்ல ரெக்கார்டு பண்ணிட்டு இருக்கான்.

பெருசு ஐயா, அப்பா உங்களக் கேக்கச் சொன்னாரு. லெபோ குவீன்ல மளிகைக் கட மாடின்னீங்களே, கீழ வாசல்ல பெரிய ஊறுகா ஜாடி ரெண்டு வச்சிருப்பாங்களே அந்தக் கடையா? அப்படின்னா அந்த மாடிக்கும் அவருதான் பேப்பர் போட்டாராம்.